காலநிலை நீதிக் கூட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக நடத்துவோருக்கு

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ காலநிலை நீதி குறித்து ஒரு நாள் கூட்டம் நடத்த விரும்பும் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் என்னிடம் முதலில் கேட்பது, சிறப்புரைக்கு யாரை அழைக்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்பதே நான் சொல்லும் முதல் யோசனை. சிறப்புரையாளர் முடிவாகிவிட்டால் தேதியும் நேரமும் மேடையும் மொழியும் அவருடைய வசதிப்படியே அமைந்துவிடும். யாருக்காகக் கூட்டம் நடக்கிறதோ அவர்களுக்குக் கடைசி வரிசையில் நான்கு நாற்காலிகள்தான் மிஞ்சும். சில ஆண்டுகள் இத்தகைய கூட்டங்களை ஏற்பாடு செய்ததில் நான் கற்றுக்கொண்டவற்றை, வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் தன் காலத்தின் பெரிய கேள்விக்காக வகுப்புகளைத் திறந்துவிடுவது புதிய வழக்கமில்லை. 1965 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வியட்நாம் போரைப் பற்றி இரவு முழுவதும் பாடங்களும் விவாதங்களும் நடத்தினார்கள். 1970 ஏப்ரல் 22 அன்று நடந்த முதல் புவி நாள் அதே வடிவத்தைப் பின்பற்றி நாடெங்கும் பரவியது. ஆனால் ‘நீதி’ என்ற சொல் சுற்றுச்சூழலோடு சேர்ந்தது வகுப்பறையில் அன்று. 1982 இல் வட கரோலினாவின் வாரன் வட்டாரத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இடத்தில் நச்சு மண்ணைக் கொட்ட வந்த லாரிகளின் முன்னே அவ்வூர் மக்கள் சாலையில் படுத்தார்கள். குப்பை யார் வீட்டு வாசலில் கொட்டப்படுகிறது என்ற அந்தக் கேள்விதான் பின்னர் காலநிலைக்கும் விரிந்தது. நம் கூட்டமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கேள்வியைச் சுருக்குதல்

‘காலநிலை மாற்றமும் நாமும்’ என்பது போன்ற தலைப்பை வைத்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகலாம். ஓர் இடத்தையும் அங்கே நடந்த ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது வடசென்னைக் கடலோரத்தில் உள்ள எண்ணூராக அமைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களின் தண்டிலும் கறுப்பாகப் படிந்தது. அதே மாதம் 26 ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றின் கரையில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவது அதற்கு முன்பே பல ஆண்டுகளாக நடந்துவருவது. நகரத்துக்கு வெளிச்சம் தரும் மின்சாரத்தின் சாம்பல் எந்த ஊரில் தங்குகிறது என்று கேட்டாலே காலநிலை நீதி என்ற சொல்லுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

உங்கள் ஊர் வேறாக இருந்தால் கேள்வியும் வேறாக இருக்கும். பெருங்குடிக் குப்பை மேட்டையும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022 இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் பக்கத்தில் வைத்திருக்கும் கல்லூரிக்கு வேறு தலைப்பே வேண்டியதில்லை. டெல்டாவில் இருப்பவர்கள் உப்பேறும் கிணறுகளிலிருந்து தொடங்கலாம்.

எண்களைக் கொஞ்சமாகக் கையாளுங்கள், ஆனால் ஒன்றிரண்டு கட்டாயம் வேண்டும். ஓர் இந்தியரின் சராசரி கரியமில வாயு உமிழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். ஓர் அமெரிக்கருடையது ஏறத்தாழ 14 டன். 1992 ஆம் ஆண்டு காலநிலை உடன்படிக்கை ‘பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’ என்று சொன்னது இந்த வேறுபாட்டைத்தான். இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னதாகும். நாட்டின் சராசரிக்குள்ளே, நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் வீடும் தகரக் கூரையின் கீழ் ஒரு மின்விசிறியோடு வாழும் வீடும் சேர்ந்தேதான் இருக்கின்றன. அந்தக் கணக்கையும் அதே பலகையில் எழுதுங்கள்.

அழைக்கும் முன் போய்ப் பார்த்தல்

இந்த வேலைக்கு மிகுதியான நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மாதங்களாவது வேண்டும். ஊருக்கு முதன்முறை போகும்போது அழைப்பிதழையோ வினாத்தாளையோ கொண்டு போகாதீர்கள். ஊர் நிர்வாகிகளைச் சந்தித்து, நீங்கள் யார், எந்தத் துறை, என்ன நினைக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பெண்கள் குழுவைத் தனியாகச் சந்தியுங்கள். ஊர்க் கூட்டத்தில் ஆண்கள் பேசுவதை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் ஆற்றில் இறங்கி இறால் தடவும் பெண்களின் அனுபவம் முழுவதும் விடுபட்டுப் போகும்.

நாங்கள் முதலில் போனபோது ஓர் அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, “எத்தினி பேரு வந்து எழுதிகினு போனீங்க, அதெல்லாம் எங்க போச்சு கண்ணு?” என்று கேட்டார். என் மாணவனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. ஆகவே எதை எழுதி எடுத்துக்கொள்கிறீர்களோ அதை எப்போது, எந்த வடிவில் திருப்பிக் கொண்டுவருவீர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்; சொன்ன தேதியை உங்கள் நாட்காட்டியில் கூட்டத்தின் தேதிக்கு முன்பாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்திப்பில், பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால் எதைப் பேச வேண்டும், யார் கேட்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். எங்களிடம் அவர்கள் கேட்டது எளிமையானது: வேதியியல் தெரிந்த ஒருவர் வந்து, நண்டும் மீனும் சாப்பிடலாமா கூடாதா என்பதை நேராகச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதி வைத்திருந்த ஏழு அமர்வுகளில் அந்தக் கேள்வி ஒன்றில்கூட இல்லை. நிகழ்ச்சி நிரலை அன்றிரவே மாற்றினோம்.

வளாகத்துக்குள்ளேயும் இதே போல் ஒரு சுற்று நடக்க வேண்டும். பல்கலைக்கழகச் சமூகம் என்றால் மாணவரும் ஆசிரியரும் மட்டும் என்று நினைப்பது நம் பழைய பிழை. ஏப்ரல் வெயிலில் சருகு கூட்டுபவர், இரவுக் காவலர், விடுதிச் சமையலறையில் அடுப்பின் முன் நிற்பவர் ஆகியோரைவிட வெப்பத்தை அறிந்தவர் வளாகத்தில் யாருமில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பு அவர்களுடைய வேலை நேரத்தை எப்படித் தொட வேண்டும் என்பது கூட்டத்தின் ஓர் அமர்வுக்கே உரிய பொருள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரத்தைச் சுத்தம் செய்யப் பல மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்கள் என்பதையும், அந்தப் பணிக்கு எந்தச் சாதியினர் மட்டும் வந்தார்கள் என்பதையும் பேசாமல் நீதி என்ற சொல்லை நாம் பதாகையில் எழுதக் கூடாது.

நாளும் நேரமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாம் குலையும். ஏப்ரல், மே மாதங்களில் தேர்வும் வெயிலும் இருக்கும். பொங்கல் கழிந்து பிப்ரவரி இறுதி வரையிலான காலமே பெரும்பாலும் பொருந்திவருகிறது. கடலுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே கிளம்பி, முற்பகலில் கரையேறி, மீனை விற்று, சாப்பிட்டு உறங்குவார்கள். நமக்கு வசதியான காலை 10 மணி அவர்களுக்கு வேலையின் நடுப்பகுதி. ஆற்றில் தொழில் செய்கிறவர்களுக்கு நீரின் ஏற்ற வற்றமே கடிகாரம். எனவே தேதியை அவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எண்ணூரிலிருந்து தென்சென்னை வளாகங்களுக்கு வர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இரவு திரும்புவது அதைவிடக் கடினம். ஒரு வேன் ஏற்பாடு செய்து, அது எத்தனை மணிக்கு ஊரைச் சென்றடையும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அனுமதியும் பணமும்

விண்ணப்பக் கடிதத்தில் கூட்டத்தின் கல்வி நோக்கத்தை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். 1991 இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாகவே இளநிலைப் படிப்புகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமானது. 2024 இல் அதே நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசமைப்பின் 14, 21 ஆம் பிரிவுகளில் அடங்கியது என்று கூறியது. இந்த இரண்டையும் இரண்டு வரிகளில் குறிப்பிட்டால், இது எந்தக் கட்சியின் கூட்டம் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்; பெயர்ப் பட்டியலை மறைக்காதீர்கள்.

ஊரிலிருந்து வந்து பேசுகிறவருக்கு மதிப்பூதியம் கட்டாயம் கொடுக்க வேண்டும். அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு வருகிறவருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுத்து அனுப்புவது முறையன்று. ஆனால் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நாங்கள் முதன்முறை அனுப்பிய பட்டியல், பேச்சாளரின் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டம் காலியாக இருந்ததால் நிதிப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. மூன்று வாரம் அலைந்த பின், ‘ஆற்று மீன்பிடிப்பில் 35 ஆண்டு அனுபவம்’ என்று அந்தக் கட்டத்தில் எழுதி, துறைத் தலைவரின் சான்றோடு மறுபடியும் அனுப்பினோம், பணம் வந்தது. அதற்குள் அவரிடம் இரண்டு முறை பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே கூட்டத்துக்கு முன்பே, உள்ளூர் அறிவுடையோருக்கான மதிப்பூதியம் என்று குறிப்பிட்டு, பேராசிரியருக்குத் தரும் அதே தொகைக்கு அனுமதி பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, பான் எண் போன்ற விவரங்களை ஊருக்கே போய் வாங்கி வாருங்கள்.

அரங்கத்தை அமைத்தல்

குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று நம் விழாக்களின் வரிசை ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஒரே ஒருவர் மூன்று நிமிடம் வரவேற்கட்டும். துணைவேந்தர் வந்திருந்தால் மாலையில் பேசட்டும், அதுவரை கேட்கட்டும். இதைப் பணிவாக முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதே என் அனுபவம்.

உயர்ந்த மேடை வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகவோ குதிரைலாட வடிவிலோ போடுங்கள். கையில் பிடிக்கும் மைக் போதும். முதலில் பேசுகிறவர் ஊரிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும், அறிவியலாளர் அவருக்குப் பிறகு பேச வேண்டும். இந்த வரிசை மாறினால் கூட்டத்தின் தன்மையே மாறிவிடுவதை இரு முறை பார்த்திருக்கிறேன். வரைபடத்தோடும் வெப்பநிலைக் கோட்டோடும் பேராசிரியர் முதலில் பேசிவிட்டால், ஊர்க்காரர் பேசுவது அதற்கு ஓர் உதாரணமாகச் சுருங்கிவிடுகிறது. ஊர்க்காரர் முதலில் பேசினால், பேராசிரியர் தம் எண்களை அவர் சொன்னதற்குப் பதிலாக அடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு முறை கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் அக்கா ஒருவர் மைக்கை வாங்கவேயில்லை. புடவையை இடுக்கிக்கொண்டு அரங்கத்தின் தரையில் குந்தி, கழுத்தளவு தண்ணீரில் எப்படி உட்கார்ந்து நகர்வது, பறி என்னும் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இரு கைகளாலும் சேற்றை எப்படித் தடவுவது என்று விரல்களை விரித்துக் காட்டினார். சாம்பல் படிந்தால் என்ன ஆகும் என்று பொறியியல் மாணவி ஒருத்தி கேட்டாள். “சேறு மெத்துன்னு இருந்தாத்தான் இறா தங்கும். சாம்பல் படிஞ்சா சிமெண்டுத் தரையாட்டம் ஆயிடும், வெரலே எறங்காது” என்று சொல்லி, அரங்கத்தின் மொசைக் தரையை நகத்தால் ஒரு முறை சுரண்டிக் காட்டினார். அந்த நாளில் பேசப்பட்ட எல்லாவற்றிலும் மாணவர்கள் மறக்காதது அந்தச் சத்தத்தைத்தான்.

மொழி தமிழாகவே இருக்கட்டும். தமிழ் அறியாத மாணவர்கள் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து மெல்ல மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறவர் என்ற நிலை ஒரு நாளாவது அவர்களுக்கு வரட்டும். கலைச்சொற்களை ஊர்க்காரருக்கு விளக்கிச் சொல்வதில் நேரத்தைச் செலவிடுவதைக் காட்டிலும் அவர்களுடைய சொற்களைக் கேட்டு எழுதுங்கள். வாடை, கொண்டல், தென்றல், கச்சான் என்று காற்றுக்குத் திசையும் பருவமும் சேர்ந்த பெயர்கள் அவர்களிடம் உண்டு. கச்சான் எந்த மாதத்தில் எழுந்தது, இப்போது எப்போது எழுகிறது என்று மூன்று தலைமுறையினரிடம் கேட்டு ஒரே தாளில் எழுதினால், வானிலைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஆவணம் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

பிற்பகலில் எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஊர்க்காரர் ஒருவர், வளாகப் பணியாளர் ஒருவர், எழுதுவதற்கு ஒரு மாணவர் இருக்க வேண்டும். பணியாளர் கலந்துகொள்ளும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதியை நம்பி வந்த ஒருவருக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்பட்டால் அதற்கு நீங்களே பொறுப்பு.

படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். போராட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்கள், ஆலையில் ஒப்பந்த வேலை செய்கிறவர்கள் வந்திருக்கக்கூடும். அவர்கள் முகம் வெளியே போவதால் வேலை போகலாம். சொன்னவற்றை ஆய்வேட்டில் பயன்படுத்த விரும்பும் மாணவர் தனியே ஊருக்குப் போய்த் தனியே ஒப்புதல் பெற வேண்டும்.

உணவும் கழிவும்

பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்; நான் இதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், துணிப்பை கொடுத்துவிட்டாலே கடமை முடிந்தது என்ற நிம்மதி எளிதில் வந்துவிடுகிறது. இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்தே ஆக வேண்டும். ஃப்ளெக்ஸ் பதாகைக்குப் பதிலாகத் துணியில் கையால் எழுதுங்கள். ஆண்டைக் குறிப்பிடாமல் எழுதினால் அடுத்த முறையும் உதவும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. அந்தத் தடையில் சிக்காதது என்று தண்ணீர் பாட்டில்களை வாங்கி அடுக்காமல், குடத்தில் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் வையுங்கள். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை அதற்கென உரிமம் பெறாத இடத்தில் நடத்துவதானால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, கழிவைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. வளாகத்துக்குள் நடத்தினாலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். கழிவைப் பிரிக்கும் வேலையை அமைப்பாளர்கள் தாங்களே செய்ய வேண்டும்.

சமையலை மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுங்கள், முன்பணமும் கொடுங்கள். மீனவர்களை அழைத்துவிட்டு, மீன் குழம்பு வளாகத்தின் மரியாதைக்கு ஒவ்வாதது என்பது போல் நடந்துகொள்ளாதீர்கள். என்ன சமைக்கலாம் என்று விருந்தினரிடம் கேட்பது நம் வீடுகளில் இயல்பான பழக்கம்தானே. கூட்டத்தின் உமிழ்வில் பெரும்பங்கு பயணத்திலும் குளிர்சாதனத்திலும்தான் இருக்கிறது. விமானத்தில் ஒருவரை வரவழைக்கும் பணத்தில் ஊரிலிருந்து இரண்டு வேன்கள் வரும்.

கூட்டத்துக்குப் பிறகு

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது, பெரும்பாலான கூட்டங்கள் இங்கேதான் கைவிடப்படுகின்றன. எழுதியவற்றை ஒரு வாரத்துக்குள் நான்கைந்து பக்கத் தமிழ்க் குறிப்பாகத் தொகுத்துவிடுங்கள். அதில் யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். வேதியியல் துறை சேற்று மாதிரியைச் சோதிப்பதாகச் சொன்னதா, சட்டத் துறை மனு எழுத உதவுவதாகச் சொன்னதா, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

மாணவர்கள் தொடர்ந்து செய்யக்கூடிய பயனுள்ள வேலைகள் இரண்டு. ஒன்று, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பது: வெள்ளைத் தாளில் கேள்விகளை எழுதி, மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவு அஞ்சலில் அனுப்பலாம், 30 நாட்களில் பதில் வர வேண்டும். கேள்வி சிறியதாகவும் ஆவணத்தைக் குறித்துக் கேட்பதாகவும் இருந்தால்தான் உருப்படியான பதில் வரும். மற்றொன்று, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஊரைத் தயார் செய்வது. 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, திட்டத்தின் சுருக்க அறிக்கை உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கம் பல நேரங்களில் தமிழ் எழுத்தில் இருக்கிறதே தவிரப் புரியும் தமிழில் இருப்பதில்லை. நீர்வளம் படித்த ஒரு மாணவரும் தமிழ் படித்த ஒரு மாணவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அதை இரண்டு நாளில் எளிய நடையில் எழுதிவிடலாம். எந்தப் பக்கத்தில் ஆற்றின் பெயரே விடுபட்டிருக்கிறது என்பதை ஊர்க்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

குறிப்பை அச்சிட்டு, சொன்ன தேதியில் ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள். தபாலில் அனுப்பாதீர்கள். வலை பின்னும் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படியுங்கள். தவறு என்று அவர்கள் சொல்லும் இடங்களில் அங்கேயே பேனாவால் அடித்துத் திருத்துங்கள். திருத்திய படியில் ஒன்றை ஊர் நிர்வாகத்திடம் கொடுத்து, மற்றொன்றைத் துறை நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.